அரசின் கவனத்துக்கு வராத வாய்க்கால்

ஆவடி ரயிலடிக்குப் பக்கத்தில், ஓர் அரிசி மண்டியின் மாடியில், வட்டாரச் சமுதாய விவகாரத் துறை இயங்கி வந்தது. மத்திய அரசின் துறை. புறநகர் மக்களின் குறைகளை டில்லிக்குத் தெரியப்படுத்துவதற்காக ஆரம்பித்தது என்று சொல்வார்கள். ஆரம்பித்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் இதை உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை. எண்பத்தைந்தாம் வருஷ வாக்கில் துறைக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியிருந்தது. பாராளுமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் எழுதுவது. கேள்வி வராத நாட்களில், வந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பது.

வட்டார அலுவலர் பார்த்தசாரதி பக்திமான். பாராளுமன்றத்திலிருந்து வரும் தாளைத் தொடுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். அந்தத் தாள் இருக்கும் அறையில் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது. மின்விசிறியைக்கூட மெதுவாகத்தான் சுற்றவிடுவார், தாள் பறந்து யார் காலிலாவது பட்டுவிடுமோ என்று. இவ்வளவு மரியாதை வைத்திருந்தும், தம் பணிக்காலத்தில் ஒரு கேள்விக்குக்கூட அவர் ‘ஆம்’ என்று பதில் எழுதியது கிடையாது.

அது ஒரு வித்தை. பாராளுமன்றக் கேள்விக்கு (அ), (ஆ), (இ), (ஈ) என்று பாகங்கள் உண்டு. (அ)வில் ‘இன்னின்ன குறை இருப்பது அரசுக்குத் தெரியுமா?’ என்று கேட்டிருப்பார்கள். மற்றவை எல்லாம் ‘தெரியுமென்றால்’ என்று ஆரம்பிக்கும். (அ)வுக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் போதும். மற்றவற்றுக்கு, கேள்வியே எழவில்லை என்கிற அர்த்தத்தில், ‘எழவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் காப்பி சாப்பிடப் போகலாம். இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பார்த்தசாரதி முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

உத்தமனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். உத்தமன் அங்கே உதவி எழுத்தர். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்குகிற உத்தரவு பார்த்தசாரதியின் கையெழுத்துக்காக அவருடைய மேஜையில், பேனா ஸ்டாண்டுக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கிடந்தது. உத்தமன் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான்.

ஐப்பசி ஆரம்பத்தில் டில்லியிலிருந்து தந்தி வந்தது. பார்த்தசாரதி செருப்பைக் கழற்றினார். ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். உத்தமனைப் படிக்கச் சொன்னார்.

“பருத்திப்பட்டு ஏரி அருகே உள்ள வாய்க்கால்மேட்டு மக்கள், மழைக்காலத்தில் ஏரியின் உபரிநீர் வாய்க்காலைக் கடக்க முடியாமல் அவதிப்படுவது அரசுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் எடுத்த நடவடிக்கை என்ன? எடுக்கவில்லையென்றால் ஏன்? பாலம் எப்போது கட்டப்படும்?”

உத்தமன் தந்தியை மறுபடியும் முதலிலிருந்து மனசுக்குள் படித்தான். வாய்க்கால்மேடு அவன் பிறந்த இடம். அப்பாவும் அம்மாவும் பருத்திப்பட்டுக் கழனிகளில் நாற்று நட்டவர்கள். கழனிகள் மனைகளாகிப் போனபிறகு தெருவில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கப் போனார்கள். உத்தமன் படித்து, அரசாங்க வேலைக்கு வந்து, சேக்காட்டில் குழாய்த் தண்ணீர் வருகிற வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா வேம்புலியம்மாள் இன்னும் மேட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் பேபி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கார்த்திகையில் நாள். ஏரி நிரம்பி வழியும் மாதம் அதுதான்.

இந்தக் கேள்விக்குக் காரணமே உத்தமன்தான் என்பது இன்னொரு சங்கடம். ஆடி மாதத்தில் எம்.பி. ஒரு பஸ் நிழற்குடையைத் திறந்துவைக்க வந்தபோது, அக்காவுக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அவர் காருக்கு முன்னால் நிறுத்தியவன் அவன். சொல்லிக்கொடுத்துவிட்டுப் பழக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டான், அரசு ஊழியன் அல்லவா. எம்.பி., “டில்லியில் கேட்கிறேன்மா” என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை மேட்டு ஜனங்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இவர் நிஜமாகவே கேட்டுவிட்டார்.

“என்ன நிக்கறீங்க உத்தமன்? வழக்கம்போலப் போடுங்க” என்றார் பார்த்தசாரதி.

“சார், அது எனக்குத் தெரியும் சார். எங்க அக்கா அங்கதான் இருக்காங்க. வாய்க்காலுக்குப் பாலமே கிடையாது. லாரி டியூபுல பலகை கட்டி, கயிறு போட்டு இழுத்துதான்…”

பார்த்தசாரதி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அன்பாகவே சொன்னார். “உங்களுக்குத் தெரியும். உங்க அக்காவுக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியுமா? அதானே கேள்வி. அரசாங்கத்துக்கு ஒரு விஷயம் தெரியணும்னா அது மேலேயிருந்து கீழே வரணும். கீழேயிருந்து மேலே போனா அதுக்குப் பேர் வதந்தி.”

“நாமளும் அரசாங்கம்தானே சார்?”

“அப்படி யார் சொன்னது?” என்று அவர் நிஜமாகவே பதறிப்போனார். “நாம அரசாங்கத்தோட கண்ணு, காது. கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தெரியாதுப்பா. தெரியவேண்டியது மூளைக்கு. மூளை டில்லியில இருக்கு.” சொல்லிக்கொண்டே பேனா ஸ்டாண்டைச் சற்று நகர்த்தி வைத்தார். நிரந்தர உத்தரவு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அன்று மத்தியானம் உத்தமன் பின்னறைக்குப் போனான். உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருக்கும் அறை. அங்கே உடையாத ஒரு நாற்காலியில் கலியமூர்த்தி உட்கார்ந்திருப்பார். துறையில் ‘ஆம்’ என்று பதில் எழுதிய ஒரே ஆள், அதுவும் பார்த்தசாரதி வருவதற்கு முன். அதற்குப் பிறகு உடைந்த நாற்காலிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும்படி அவரை அந்த அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். அவருடைய பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

“அண்ணாத்தே, அன்னிக்கு ‘ஆம்’னு எழுதினீங்களே, இன்னா ஆச்சு?” என்று கேட்டான் உத்தமன்.

“எனுக்கா? பாக்கிறியே. இங்க கீறேன்.”

“உங்களுக்கு இல்ல. அங்க.”

கலியமூர்த்தி நாற்காலிக் கணக்கு நோட்டை மூடினார். “நூம்பல் ஊர்ல கெணறு இல்லன்னு கேட்டிருந்தாங்கோ. ஆமான்ட்டேன். பாராளுமன்றத்துல ஒருவாட்டி ஒத்துக்கினா அப்பால விட முடியாதுபா. அடுத்த கேள்வி வந்துகினே இருக்கும். பயந்துகினு ஒரு மாசத்துல தோண்டிட்டாங்கோ.”

“தண்ணி கீதா?”

“கீது. நல்ல தண்ணி. எப்பனா அந்தப் பக்கம் போனா ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சிட்டு வருவேன்.” அவர் ஒரு நாற்காலியின் உடைந்த காலைத் தட்டிப் பார்த்தார். “நீ சின்னப் புள்ள. கல்யாணம் ஆவணும். பாத்துக்கோ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் மேட்டுக்குப் போனான். இன்னும் மழை வலுக்கவில்லை, இருந்தாலும் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பேபியோடு வந்து தங்கியிருந்த அவள் புருஷன் கோவிந்தன் இறங்கிக் கயிற்றைப் பிடித்து டியூபை இழுத்துவந்தான். “சப்பலக் கயட்டாத மாமா. ஆபீஸ் காலு, நனியக் கூடாது” என்று சொல்லிப் பலகையில் உட்காரவைத்தான். மேட்டில் எல்லாருமே உத்தமனை இப்படித்தான் நடத்துவார்கள். சின்ன வயதில் அதே வாய்க்காலில் அம்மணமாகக் குதித்தவன்தான் அவன். இருந்தும் அவன் கால் நனைந்தால் தங்களுக்கே ஏதோ குறை வந்துவிட்டதுபோலப் பதறுவார்கள்.

கேள்வி வந்த விஷயத்தை அக்காவிடம் சொன்னான். வேம்புலியம்மாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“டில்லிலயா? நம்ம மேட்டப் பத்தியா? இந்தா புள்ள பேபி, கேட்டியா!” தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பிவந்தாள். “ஆருடா பதில் எய்துறது?”

“எங்க ஆபீஸ்தான்.”

“உங்க ஆபீஸ்ல ஆரு?”

உத்தமன் வறுத்த மீனைப் பார்த்துக்கொண்டு, “நான்தான்” என்றான்.

வேம்புலியம்மாள் இரண்டு கையையும் தூக்கி ஏரிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். “நல்லவேள நைனா, உன்னாண்டயே வந்துது. வேற எவன்னா கைக்குப் போயிருந்தா தெர்யாதுன்னு எய்தித் தொலச்சிருப்பான்.”

அதற்குமேல் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அக்கா இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை அவன் தைரியமாக ‘ஆம்’ என்றே எழுதிக்கொண்டு போனான். பார்த்தசாரதி படித்தார். கோபப்படவில்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டார். மறுநாள் இணை இயக்குநர் சம்பத் ஜீப்பில் வந்து இறங்கினார்.

சம்பத் விவரமான மனிதர். வந்ததும் ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். “அரசாங்கத்துக்குத் தெரியாதுன்னு பாராளுமன்றத்துல சொல்லணும்னா, சும்மா சொல்லிட முடியாது. அது பொறுப்பில்லாத்தனம். முறைப்படி நேர்ல போய்ப் பார்த்துத் தெரியாதுன்னு உறுதி பண்ணிக்கணும். நான் தெரிஞ்சுக்க வரலை. தெரியலைங்கறதைச் சரிபார்க்க வந்திருக்கேன்.” பார்த்தசாரதி உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார்.

எல்லாரும் வாய்க்காலுக்குப் போனார்கள். மழை பிடித்திருந்தது. தண்ணீர் மார்புக்கு மேல் ஏறியிருந்தது. டில்லியிலிருந்தே ஆள் வந்துவிட்டதாக நினைத்து மேட்டு ஜனங்கள் அந்தக் கரையில் கூடியிருந்தார்கள். சம்பத்துக்காகப் பலகைமேல் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கட்டினார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பார்த்தசாரதி குடை பிடித்துக்கொண்டார். அவர் காலடியில் உத்தமன் குறிப்பெடுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கோவிந்தனும் இன்னும் நாலைந்து பேரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்தார்கள்.

நட்ட நடுவில் டியூப் ஒரு சுற்றுச் சுற்றியது. சம்பத் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இங்கே ஆழம் எவ்வளவுப்பா?” என்றார்.

“மேல குந்தினுகீற உங்களுக்குத் தெர்யாது சார்” என்றான் கோவிந்தன், வாய்க்குள் வந்த தண்ணீரைத் துப்பிவிட்டு.

“பாருங்க, மக்களே சொல்றாங்க. குறிச்சுக்குங்க, ‘தெரியாது’” என்றார் சம்பத். உத்தமன் குறித்துக்கொண்டான்.

கரையேறியதும் ஒரு மாலை விழுந்தது. கனகாம்பர மாலை, யார் எப்போது கட்டினார்களோ. சம்பத் மாலையோடு பேசினார். “அன்பு மக்களே! இந்த வாய்க்காலைக் கடக்கவே முடியலைன்னு ஒரு தவறான செய்தி பரவியிருக்கு. நான் இப்போ எப்படி வந்தேன்? கால் நனைஞ்சுதா? இல்லை. சுமார் ஒரு பாட்டு கேக்கற நேரத்துல வந்து சேர்ந்துட்டேன். பட்டணத்துல ஒரு பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கறோம் தெரியுமா? உங்ககிட்ட இருக்கறது பாரம்பரிய நீர்வழிப் போக்குவரத்து. பாலம் வந்தா இது அழிஞ்சு போயிடும். இதைக் காப்பாத்த வேண்டியது நம்ம கடமை.”

முழுவதும் புரியாவிட்டாலும் ஜனங்கள் கைதட்டினார்கள். சம்பத் கூட்டத்தில் முன்னால் நின்ற பேபியைப் பார்த்தார். நிறைமாத வயிறு. அவருக்கு மனம் இளகிவிட்டது. “கவலையே படாதேம்மா. அரசாங்கம் எப்பவும் உன் பக்கம்தான்” என்றார்.

“அந்தக் கரையாண்டயா, இந்தக் கரையாண்டயா சார்?” என்றாள் வேம்புலியம்மாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சம்பத் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்ததாகப் பாராட்டினார்.

திரும்பி வந்ததும் பதிலைச் சம்பத் சொல்லச் சொல்ல உத்தமன் எழுதினான். ‘(அ) அவ்வாறு எதுவும் அரசின் கவனத்துக்கு வரவில்லை. அப்பகுதி மக்கள் பாரம்பரிய நீர்வழிப் போக்குவரத்தைத் திருப்தியுடன் பயன்படுத்தி வருகின்றனர். (ஆ), (இ), (ஈ): எழவில்லை.’ கடைசியில் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனா கையில் இருந்தது. வேண்டுமானால் அப்போது கீழே வைத்திருக்கலாம். பின்னறையில் கலியமூர்த்தி நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பேனா ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த உத்தரவு இப்போது பார்த்தசாரதியின் கையில் இருந்தது, மூடி கழற்றிய பேனாவோடு.

உத்தமன் கையெழுத்துப் போட்டான். பார்த்தசாரதியும் போட்டார். இரண்டு பேனாக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடின.

பாராளுமன்றத்தில் அந்தக் கேள்வியின் முறை வந்தபோது எம்.பி. அவையில் இல்லை. பதிலை அவையின் மேஜைமேல் வைத்துவிட்டதாகவும் மறுகேள்வி எதுவும் வரவில்லை என்றும் டில்லியிலிருந்து தகவல் வந்தது. பார்த்தசாரதி எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக்கொடுத்தார். உத்தமனின் கையில் அவரே ஒன்றை வைத்து, “உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு” என்றார். உத்தமன் அதைத் தின்றான். அது நன்றாக இருந்தது என்பதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி வழிந்தது. ஒருநாள் காலையில் அவன் ஆபீசுக்குக் கிளம்பும்போது மேட்டிலிருந்து ஓர் ஆள் ஈரத்தோடு ஓடிவந்து, பேபிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவா என்றான். உத்தமன் ஆட்டோ பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனான்.

அவன் போனபோது டியூப் நடு வாய்க்காலில் இருந்தது. பலகையில் பேபி படுத்திருந்தாள். வேம்புலியம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சேலை முந்தானையால் மழையை மறைக்கப் பார்த்தாள். தண்ணீர் இழுக்கிற வேகத்தில் டியூப் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கோவிந்தன் மூக்கு மட்டும் வெளியே தெரியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். பேபி போட்ட அலறல் மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது.

“இஸ்துப் புடிடா! உட்றாத!” என்று வேம்புலியம்மாள் கத்தினாள்.

இந்தக் கரையில் உத்தமன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடைக்குள் நிற்பது அவனுக்கே கூசியது. மடக்கிக் கீழே போட்டான். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை. பேண்டோடு வாய்க்காலில் இறங்கினான். நாலடி வைப்பதற்குள் தண்ணீர் அவனைப் புரட்டிக் கரையிலேயே தள்ளியது. ஆட்டோக்காரன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அங்கேயே, இரண்டு கரைக்கும் சேராத இடத்தில், பாரம்பரிய நீர்வழிப் போக்குவரத்தின்மேல், பேபிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் உத்தமன் தன் நிரந்தர வேலையை யாரிடம் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடத் தயாராக இருந்தான். பிறகு குழந்தை அழுதது. உத்தமனும் அழுதான். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் நன்றாகத் தேறினார்கள். தை பிறந்து, வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மேட்டில் பெயர் வைக்கிற விசேஷம். பேபிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் குழந்தையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்லுகிற உரிமை அவளுடைய தாய்மாமன் உத்தமனுக்கு வந்தது. முழங்கால் தண்ணீருக்கும் கோவிந்தன் அவனை நடக்கவிடவில்லை. டியூபிலேயே இழுத்து வந்தான்.

தெருவே கூடியிருந்தது. யாரோ கேட்டார்கள், “டில்லில இன்னா சொன்னாங்கோ உத்தமா?”

உத்தமன் எல்லார் முகத்தையும் பார்த்தான். “கவனிக்கிறதா சொல்லிகீறாங்கோ” என்றான். எல்லாருக்கும் சந்தோஷம். கிழவர் ஒருவர், இத்தனை வருஷத்தில் மேட்டைப் பற்றி ஒருத்தனும் கேட்டது கிடையாது, உத்தமனால்தான் கேட்டார்கள் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். உத்தமனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மடியில் குழந்தை இருந்தது.

“பேரு இன்னா வெக்கிறது?” என்றான் கோவிந்தன்.

“அது எப்பவோ முடிவு பண்ணிட்டேன்” என்றாள் வேம்புலியம்மாள். “நம்மளயும் மன்சனா மதிச்சி டில்லில கேட்ட வருசம் பொறந்த கொயந்த. டில்லிபாபு. சொல்லு நைனா, காதுல மூணு தபா சொல்லு.”

உத்தமன் குனிந்தான். குழந்தையின் காது வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு இருந்தது. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். அது வரவில்லை. மாசக் கணக்கில் தொண்டையில் நின்றிருந்ததுதான் வந்தது.

“தெரியாதுன்னு எழுதினது நான்தான்டா.”

ஒரு தரம் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டாவது தரமும் சொன்னான். மூன்றாவது தரம் சொல்லும்போது குழந்தை முகத்தைச் சுளித்து வீரிட்டு அழ ஆரம்பித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வேம்புலியம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். “மூணு தபாவும் ஒயுங்கா சொன்னியாடா?”

“சொன்னேன் யக்கா.”

“அப்ப சரி. காதுல மூணு தபா சொன்னது உசுரு இருக்கிற வரிக்கும் மறக்காது” என்று சொல்லிவிட்டு, அவள் தம்பிக்கு இலை போடப் போனாள்.